பொய் சொன்ன நாட்காட்டி

சிவகாசியில் அச்சாகி வரும் தினசரி நாட்காட்டி பொய் சொல்வதில்லை. தாளைக் கிழிக்க மறந்தால் அது நேற்றைய தேதியைக் காட்டும். அது நம் மறதியே தவிர நாட்காட்டியின் குற்றமன்று. ஆனால் கணிப்பொறியால் இயங்கும் நாட்காட்டி ஒன்று, யாரும் தொடாமலே நேற்றைய தேதியைக் காட்டி, ஒரு சிற்றூரின் பால் கணக்கைக் குழப்பிவிட்டது. அதைச் செய்தவர்கள் பதினோராம் வகுப்பு மாணவர்கள் இருவர்; பழுதைக் கண்டுபிடித்தவர்களும் அவர்களே. அவர்களுள் ஒருவன் என் அக்காள் மகன். ஆகையால் அந்த வேலையில் எனக்கும் சிறு பங்கு கிடைத்தது.

கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில் சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஊர் அது. அங்குள்ள பால் சங்கத்தில் காலை 5-30 மணிக்கு ஊற்றுவோர் வரிசை தொடங்கிவிடும். 7 மணிக்குள் முடிந்துவிடும். செயலாளர் ஒவ்வொருவர் பாலையும் அளந்து, கொழுப்பின் அளவைப் பார்த்து, பதிவேட்டிலும் அவரவர் பால் அட்டையிலும் தேதியிட்டு எழுதுவார். அந்தத் தேதியை வைத்துத்தான் பணம் பட்டுவாடா ஆகும்.

சங்கத்தின் சுவருக்கு மாணவர்கள் ஒரு நாட்காட்டி செய்து கொடுத்தார்கள். கழித்துப் போட்ட கணிப்பொறித் திரை ஒன்று. சீட்டுக்கட்டு அளவே உள்ள 'ராஸ்பெர்ரி பை' என்னும் சிறு கணிப்பொறி ஒன்று. தச்சரிடம் சொல்லிச் செய்த மரச்சட்டம் ஒன்று. ஆங்கிலத் தேதி, கிழமை, தமிழ் மாதத் தேதி ஆகிய மூன்றும் வாசலிலிருந்தே படிக்கும்படி பெரிய எழுத்தில் தெரியும். மணி காட்டவில்லை. பக்கத்திலேயே சுவர்க் கடிகாரம் இருக்கும்போது மணி எதற்கு என்று விட்டுவிட்டார்கள். இந்தச் சிறிய முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் எல்லாரும் பாராட்டினார்கள். ஐப்பசியில் வந்தது வினை. பட்டுவாடா நாளில் சிலருடைய அட்டைகளில் ஒரே தேதிக்கு இரண்டு காலைப் பதிவுகள் இருந்தன; மறு தேதிக்குப் பதிவே இல்லை. கணக்குப் பார்த்தவர், தவறுதலாக இருமுறை எழுதியது என்று எண்ணி ஒன்றை அடித்துவிட்டார். நான்கு லிட்டர் பாலுக்கான பணம் குறைந்தால் இரண்டு மாடு வைத்திருக்கும் மூதாட்டி சும்மா இருப்பாரா? சங்கத்தில் பெரும் சத்தம். பதிவேட்டைப் புரட்டிக் கணக்கைச் சரி செய்து பணத்தைக் கொடுத்துவிட்டார் செயலாளர். நாட்காட்டியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டார்.

"மாமா, நாங்க போய்ப் பார்க்கறப்பெல்லாம் சரியான தேதியைத்தானுங்க காட்டுது. மூணு தடவை பிளக்கைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தோம். ஒண்ணும் ஆகலீங்க" என்றான் அக்காள் மகன். எழுதும்போது செயலாளரே தவறியிருப்பார் என்பது இருவரின் எண்ணம்.

இயந்திரங்களில் பழுது பார்ப்போர் எல்லாரும் அஞ்சுவது இத்தகைய பழுதுக்குத்தான். முழுதும் நின்றுபோன கருவியைப் பழுது பார்ப்பது எளிது. இடையிடையே தோன்றி, நாம் பார்க்கும்போது மறைந்துவிடும் பழுதுதான் தொல்லை. அப்போது கருவியைத் திறக்காதீர்கள். முதலில் கேள்விகளைத் திறக்க வேண்டும். எந்தெந்த நாட்களில் நேர்ந்தது? எந்த நேரத்தில்? எப்போது நேரவே இல்லை?

பதிவேட்டை வைத்துப் பார்த்தோம். இரண்டு மாதத்தில் தவறான தேதி விழுந்தது மூன்று காலைகளில் மட்டுமே. மாலைப் பதிவுகளில் ஒருமுறைகூட இல்லை.

இரண்டு ஊகங்கள்

மாணவர்கள் முதலில் ஓர் ஊகம் சொன்னார்கள். அது மோசமான ஊகமன்று. கணிப்பொறிகள் உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தையே கணக்கிடுகின்றன. நம் நாட்டு நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. இந்தக் கூட்டலைச் செய்ய மறந்தால், நமக்கு நள்ளிரவில் மாறவேண்டிய தேதி காலை 5-30 மணிக்குத்தான் மாறும். பால் ஊற்றும் நேரமும் அதுவே! பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஊகத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அது உண்மையானால் வேறு என்னென்ன உண்மையாக வேண்டும் என்று கேட்க வேண்டும். நேர மண்டலம் தவறாக இருந்தால் எல்லா நாளும் தவறு நேரவேண்டும். மூன்று நாள் மட்டும் நேராது. மேலும் 5-30க்குப் பிறகு தேதி தானாகச் சரியாகிவிட வேண்டும். 6-45க்கு ஊற்றியவர் அட்டையிலும் தவறு இருந்ததே. ஆக, ஊகம் விழுந்தது.

அடுத்த துப்பைக் கொடுத்தவர் இயற்பியல் படித்தவர் அல்லர். மற்ற மாணவனின் அப்பிச்சி, கிணற்று மோட்டாருக்காக இரவில் விழித்திருக்கும் விவசாயி. அந்த மூன்று தேதிகளைச் சொன்னதும், "அதுல ரெண்டு நாள் ராத்திரி இடி மழை கண்ணு. பத்து மணிக்குப் போன கரண்டு விடியால நாலரைக்கு மேலதான் வந்துச்சு" என்றார். மூன்றாம் நாளைப் பற்றி அவருக்கு நினைவில்லை. இருந்தாலும் வழி தெரிந்துவிட்டது.

"மின்சாரம் போய் வந்தால்தான் கோளாறு என்றால், நீங்கள் பிளக்கைப் பிடுங்கியபோது ஏன் நேரவில்லை? அன்றைய காலைக்கும் உங்கள் சோதனைக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டேன். இருவரும் வெகு நேரம் யோசித்தார்கள். பிறகு ஒருவன் மெல்லச் சொன்னான்: "மோடமுங்க!"

செயலாளர் இடிமின்னலுக்குப் பயந்து இரவில் இணைய மோடத்தை அணைத்துவிட்டுப் போவார். மீண்டும் போடுவது காலை 9 மணிக்கு, கணிப்பொறியில் கணக்கு ஏற்றும்போதுதான். மாணவர்கள் சோதித்ததோ மாலை நேரத்தில், மோடம் இயங்கும்போது.

கணிப்பொறிக்குத் தேதி எப்படித் தெரியும்?

கணிப்பொறிக்கு நாள், கிழமை ஒன்றும் தெரியாது. அதற்கு எண்ணத்தான் தெரியும். இந்த வகைக் கணிப்பொறிகள் 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், உலகப் பொது நேரம் நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடிகள் கடந்தன என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, அதிலிருந்து தேதியைக் கணக்கிடுகின்றன. எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்கிவிட்டால் நம் நாட்டில் சில கருவிகள் '1-1-1970, காலை 5-30' என்று விசித்திரமாகக் காட்டுவது இதனால்தான்.

எண்ணுவதற்கு மின்சாரம் வேண்டும். உங்கள் பள்ளியில் உள்ள பெரிய கணிப்பொறியில், அணைத்த பிறகும் எண்ணிக்கொண்டிருக்க, பொத்தான் வடிவ மின்கலத்துடன் ஒரு தனிக் கடிகாரம் உண்டு. 2012இல் விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பையில், விலையைக் குறைக்கும் பொருட்டு, அந்தக் கடிகாரத்தை வைக்கவில்லை. 2023இல் வந்த ஐந்தாம் வகையில் கடிகாரம் உண்டு. ஆனால் அதற்கும் மின்கலத்தைத் தனியே வாங்கி இணைத்தால்தான் பயன். மாணவர்கள் வைத்திருந்தது பழைய வகை.

கடிகாரம் இல்லாத கணிப்பொறி என்ன செய்கிறது? ஏறத்தாழ ஒரு மணிக்கு ஒருமுறை அப்போதைய நேரத்தைத் தன் நினைவு அட்டையில் குறித்து வைக்கிறது. மின்சாரம் போய் வந்ததும், கடைசியாகக் குறித்த நேரத்திலிருந்து, ஒன்றுமே நடவாதது போல் எண்ணத் தொடங்குகிறது. இணையம் இருந்தால் நேரம் வழங்கும் நிலையம் ஒன்றைக் கேட்டுச் சில வினாடிகளில் திருத்திக்கொள்ளும். நம் நாட்டின் பொது நேரத்தைப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு பேணி வருகிறது. அதுவும் இணைய வழியே நேரம் வழங்குகிறது. இணையம் இல்லையென்றால் திருத்தம் இல்லை.

இப்போது அந்த இரவைக் கணக்கிடுவோம். மின்சாரம் போனது இரவு 10-10க்கு எனக் கொள்வோம். கடைசிக் குறிப்பு 9-17. மின்சாரம் வந்தது காலை 4-35. அந்தக் கணத்தில் கணிப்பொறி 'இரவு 9-17' என்று நினைத்துக்கொண்டு விழிக்கிறது. அதாவது 7 மணி 18 நிமிடம் பிந்திவிட்டது. காலை 5-30க்கு அதன் கணக்கில் முந்தின இரவு 10-12. எனவே நேற்றைய தேதி! அதன் நள்ளிரவு நமக்குக் காலை 7-18க்குத்தான் வரும். அதற்குள் பால் வண்டியே புறப்பட்டுப் போயிருக்கும். மாலையில் மாணவர்கள் வரும்போது எல்லாம் சரியாக இருக்கும்.

பகலில் மின்சாரம் போனாலும் கணிப்பொறி பிந்தத்தான் செய்யும்; ஆனால் தேதி மாறாது. மணி மட்டும் தவறும். அந்த மணியைத்தான் திரையில் காட்டவில்லையே! காட்டியிருந்தால் முதல் வாரத்திலேயே யாராவது "இதென்ன, உச்சிப் பொழுதில் பத்தரை காட்டுகிறதே" என்று கேட்டிருப்பார்கள்.

கணக்கு பொருந்தியதும் மாணவர்கள் துள்ளினார்கள். நான் விடவில்லை. பழுதை நாமே வரவழைத்துக் காட்டினால்தான் காரணம் உறுதியாகும். மேலும், சோதனைக்கு முன்பே விடையை எழுதி வைக்க வேண்டும். மோடத்தை அணைத்து, நாட்காட்டியின் மின்சாரத்தை 20 நிமிடம் நிறுத்துவது என்று தீர்மானித்தோம். கடைசிக் குறிப்பு ஒரு மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் நிகழ்ந்திருக்கலாம். எனவே அது 20 நிமிடத்துக்குக் குறையாமலும் 80 நிமிடத்துக்கு மிகாமலும் பிந்த வேண்டும் என்று தாளில் எழுதினோம். செய்து பார்த்தபோது 52 நிமிடம் பிந்தியது. பிறகு மோடத்தைப் போட்டோம். கண்முன்னே நேரம் திருந்திக்கொண்டது. செயலாளரை அழைத்து அதை மறுபடியும் செய்து காட்டினார்கள். எழுதியவர் மேல் தவறில்லை என்று அவரிடமே மாணவர்கள் சொல்லிவிட்டார்கள்; இதை நான் சொல்லச் சொல்லவில்லை.

பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று

பரிகாரம் எளிது: ஒரு சிறு கடிகாரச் சில்லு. மாணவர்கள் வாங்கியது டி.எஸ். 3231 என்னும் வகை. எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் சிறு பலகையில் பொருத்தியே கிடைக்கிறது. நான்கு கம்பிகள் போதும்: மின்சாரத்துக்கு இரண்டு, செய்திக்கு இரண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை. இதனைக் கணிப்பொறியின் 3.3 வோல்ட் முனையில்தான் இணைக்க வேண்டும். 5 வோல்ட்டில் இணைத்தால் செய்திக் கம்பிகளும் 5 வோல்ட்டுக்கு ஏறி, கணிப்பொறியின் முனைகள் கெடலாம். அதோடு, மலிவான பலகைகள் பலவற்றில் மின்கலத்துக்கு மின்னேற்றம் செய்யும் சுற்று ஒன்று இருக்கிறது. மீண்டும் மின்னேற்றக் கூடாத சாதாரணப் பொத்தான் மின்கலத்தைப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் அது வீங்கிக் கெடும்.

இத்தகைய கடிகாரங்களின் உயிர் ஒரு குவார்ட்ஸ் படிகம். இசைக்கவை போன்ற வடிவில் வெட்டிய அந்தப் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த வேடிக்கையான எண்? 32,768ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள். பதினைந்தாம் முறை விடை 1. இரண்டால் வகுக்கும் மின்சுற்று மிக எளியது. அதைப் பதினைந்து படியாக அடுக்கினால் வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். உங்கள் கைக்கடிகாரத்திலும் இதே எண்தான்.

இந்தப் படிகத்துக்கு வெப்பம் ஆகாது. 25 டிகிரி செல்சியஸ் அளவில் அது சரியாக அதிரும். அதிலிருந்து விலகினால், மேலே போனாலும் கீழே போனாலும், வேகம் குறையும். குறைவு, விலகலின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும்: ஒரு டிகிரி வர்க்கத்துக்கு பத்து லட்சத்தில் 0.034 பங்கு. தகரக் கூரையின் கீழ் 40 டிகிரி என்றால் விலகல் 15, வர்க்கம் 225, பெருக்கினால் பத்து லட்சத்தில் 7.65 பங்கு. ஒரு நாளைக்கு 86,400 வினாடி அல்லவா? நாளொன்றுக்கு 0.66 வினாடி, மாதத்துக்கு 20 வினாடி பிந்தும். சாதாரணச் சில்லுகளில் படிகத்தின் சொந்தப் பிழையும் இதோடு சேரும். டி.எஸ். 3231 தன் வெப்பநிலையைத் தானே அளந்து, அதற்கேற்பப் படிகத்தின் வேகத்தைத் திருத்திக்கொள்கிறது. அதன் பிழை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் இருக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்.

கடிகாரம் பொருத்தியதும், வரும் காலத்தையும் சோதித்துவிடலாம் என்று மாணவர்கள் 2038ஆம் ஆண்டுக்குத் தேதியைத் தள்ளி வைத்துப் பார்த்தார்கள். வினாடி எண்ணிக்கையை 32 இருமக் குறிகளில் அடக்கும் கணிப்பொறிகளில், 19-1-2038 அன்று நம் நேரம் காலை 8-44-07க்கு இடம் நிரம்பி, மறு வினாடியில் எண்ணிக்கை தாறுமாறாகும். இவர்கள் நிறுவியிருந்த மென்பொருள் 64 குறி வகை. ஆதலால் தாண்டிவிட்டது.

மறைந்திருந்த மின்னல்

ஒரு பழுது நீங்கினால் அதன் பின்னால் ஒளிந்திருந்தது வெளியே வரும். அந்த மூன்றாவது காலை நினைவிருக்கிறதா? அப்பிச்சிக்கு மின்வெட்டு நினைவில்லாத நாள்? மின்வெட்டே நிகழவில்லை. அன்று இரவு கணிப்பொறி தானாக உறைந்து நின்றுவிட்டிருந்தது. திரையில் மட்டும் பழைய தேதி நின்றது. பொருத்திய கடிகாரம் இதற்கு மருந்தல்ல.

மரச்சட்டத்தைக் கழற்றியதும் திரையின் வலது மேல் மூலையில் ஒரு மஞ்சள் மின்னல் குறி தெரிந்தது. மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் கணிப்பொறி அந்தக் குறியைக் காட்டும். நல்ல வேலைப்பாடான சட்டம் அதை மறைத்துவிட்டது!

மல்ட்டிமீட்டரை எடுத்தோம். மின்னேற்றியின் வாயில் 5.1 வோல்ட், கணிப்பொறியின் முனையில் 4.5 வோல்ட். இடையில் மூன்று மீட்டர் மெல்லிய கம்பி 0.6 வோல்ட்டைத் தின்றுவிட்டது. மின்னோட்டம் 0.8 ஆம்பியர். ஓம் விதிப்படி கம்பியின் மின்தடை 0.6 / 0.8 = 0.75 ஓம். பத்தாம் வகுப்புக் கணக்குத்தான்.

மின்னேற்றி தரையருகே இருந்த பிளக்கிலும், நாட்காட்டி சுவரின் உச்சியிலும் இருந்தன. நீளம் எப்படியும் வேண்டும்; அந்த நீளத்தை எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதே கேள்வி. 5 வோல்ட் பக்கத்தில் வைத்தால் 0.8 ஆம்பியர் அந்தத் தொலைவு முழுதும் ஓட வேண்டும். 230 வோல்ட் பக்கத்தில் வைத்தால், அதே 4 வாட் ஆற்றலுக்கு ஒரு ஆம்பியரில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். கம்பியில் இழப்பு அற்பம். 1932இல் இயங்கத் தொடங்கிய பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவை ஆலைகளுக்கு மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் கொண்டுவந்ததும் இந்தக் காரணத்துக்காகவே. சங்கத்தில் மின்பணியாளரைக் கொண்டு சுவரின் மேலே ஒரு பிளக் வைத்தோம். அரை மீட்டர் தடித்த கம்பி போட்டதும் 5.0 வோல்ட் வந்தது. மின்னல் குறி மறைந்தது. 230 வோல்ட் வேலையை மாணவர்கள் தாமே செய்யக்கூடாது. இதில் துணிச்சல் வேண்டாம்.

தமிழ்த் தேதி

கடைசியாக ஒன்று, இது பழுது அல்ல, அறியாமை. தமிழ் மாதங்களின் நாட்களை மாணவர்கள் ஒரு ஆண்டின் நாட்காட்டியைப் பார்த்து அட்டவணையாக எழுதி, எல்லா ஆண்டுக்கும் அதுவே என்று வைத்துவிட்டார்கள். பிப்ரவரியைத் தவிர மற்ற ஆங்கில மாதங்களுக்கு அது பொருந்தும். தமிழ் மாதமோ சூரியன் ஒரு ராசியில் நுழையும் கணத்தைச் சார்ந்தது. அந்தக் கணம் சூரியன் மறையும் முன் வந்தால் அன்றே மாதப் பிறப்பு. மறைந்த பின் வந்தால் மறுநாள். ஆண்டின் நீளம் 365 நாளுக்கு மேல் ஆறு மணிக்குச் சற்று அதிகமாக இருப்பதால், அந்தக் கணம் ஆண்டுதோறும் ஆறு மணி நேரம் தள்ளிப்போகும். எனவே ஒரே மாதத்துக்கு ஒரு ஆண்டு 31 நாள், மறு ஆண்டு 32 நாள் என்று வரலாம்.

மார்கழி குறுகியது, ஆனி நீண்டது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஜனவரி முதல் வாரத்தில், மார்கழியில், பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது, வினாடிக்கு 30.3 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. ஜூலை முதல் வாரத்தில், ஆனியில், மிகத் தொலைவில், வேகம் 29.3 கிலோமீட்டர். வேகமாகப் போகும்போது ஒரு ராசியை 29 நாளில் கடக்கிறோம். மெதுவாகப் போகும்போது 31 நாளுக்கு மேல் ஆகிறது. கெப்ளரின் இரண்டாம் விதியை வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே பார்க்கலாம்.

சூரியனின் நிலையைக் கணக்கிட்டு நிரல் எழுத மாணவர்கள் முயன்றார்கள். வாக்கிய முறைக்கும் திருக்கணித முறைக்கும் இடையே வேறுபாடு வருவதைக் கண்டு, இப்போதைக்கு அதைக் கைவிட்டு, ஆண்டுதோறும் அச்சு நாட்காட்டியைப் பார்த்துப் பன்னிரண்டு மாதப் பிறப்புகளை உள்ளிடுவது என்று முடிவு செய்தார்கள். பட்டியல் தீர்ந்துவிட்டால் பழைய கணக்கைத் தொடராமல், தமிழ்த் தேதி இருக்குமிடத்தில் கோடு மட்டும் தெரியும். கடிகாரச் சில்லையும் படிக்க முடியாமல், இணையமும் இல்லாவிட்டால், பெரிய தேதிக்குப் பதில் 'தேதி உறுதியில்லை' என்று காட்டும்படியும் செய்திருக்கிறார்கள். மூலையில் சிறிய எழுத்தில் மணியும் சேர்ந்துவிட்டது. செயலாளர் அதை மறுபடியும் முகப்புப் பக்கமாகத் திருப்பி மாட்டினார். பக்கத்தில் தாள் நாட்காட்டியும் தொங்குகிறது.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். உங்கள் வீட்டுக் குவார்ட்ஸ் கடிகாரத்தை இணையத்துடன் இணைந்த கைபேசியின் நேரத்தோடு ஒப்பிட்டு, வினாடி முள்ளின் வேறுபாட்டைக் குறித்து வையுங்கள். முப்பது நாள் கழித்து, கடிகாரத்தைத் திருத்தாமல், மறுபடியும் ஒப்பிடுங்கள். இரண்டு வேறுபாடுகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை 2.6ஆல் வகுத்தால், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பிழை என்பது ஏறத்தாழக் கிடைக்கும். சித்திரையில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை செய்து, இரு விடைகளையும் அறையின் வெப்பநிலையையும் அருகருகே எழுதிப் பாருங்கள்.